கேரம் பலகையும் ஸ்கோர் பட்டியலும் ஒரே விண்டோவில்

சாயங்காலம் ராயபுரம், புது வண்ணாரப்பேட்டை பக்கம் நடந்து போனால் ஏதாவது ஒரு மன்றத்துக்குள்ளிருந்து ஸ்ட்ரைக்கர் காயில் அடிபடும் சத்தம் வரும். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த காசிமா இந்தப் பகுதிப் பெண்தான். இங்கே ஒரு மன்றத்தின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு பைத்தான் சொல்லித் தருகிறேன். அவர்கள் இப்போது எழுதிக்கொண்டிருப்பது ஒரு கேரம் பயிற்சி நிரல். இடதுபக்கம் பலகை: காய்கள் ஓட வேண்டும், மோத வேண்டும், குழியில் விழ வேண்டும். வலதுபக்கம் ஒரு பட்டியல்: ஆடுபவர்களின் பெயர், ஒவ்வொரு போர்டுக்கும் யாருக்கு எத்தனை பாயின்ட், ரெட் யார் போட்டது, ஃபாலோ விழுந்ததா, ஃபைன் எத்தனை.

பலகைக்கு ஆட்டம் எழுத உதவும் லைப்ரரியான பைகேம் எடுத்தார்கள், பட்டியலுக்கு பொத்தானும் எழுத்துப் பெட்டியும் தரும் ஜியுஐ டூல்கிட்டான டிகின்டர். தனித்தனியாக ஓட்டியபோது இரண்டிலும் ஒரு குறையும் இல்லை. சேர்த்த அன்றைக்கு ஒரு மாணவி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணா, பேரு டைப் பண்ணா காயெல்லாம் அப்படியே நின்னுடுது. காய் ஓடிச்சுன்னா பேரு டைப் பண்ண முடியல."

"உன் கோட்ல எத்தனை லூப்பு இருக்குன்னு எண்ணிப் பாரும்மா."

இரண்டு இருந்தன, நிற்காமல் திரும்பத் திரும்பச் சுற்றும் இரண்டு பகுதிகள். ஒரே உறையில் இரண்டு கத்தி. கேம் லைப்ரரியையும் ஜியுஐ டூல்கிட்டையும் சேர்க்கப் போகிற எல்லோருமே முதலில் வந்து முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். படம் வரைவதை எப்படி இணைப்பது என்று யோசித்துக்கொண்டு வருவார்கள். ஆனால் அங்கே தீர்க்க வேண்டியது, நிரலின் நேரம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி.

பைகேமுக்கு அடியில் இருப்பது எஸ்டிஎல், திரை, ஒலி, விசை எல்லாவற்றையும் கையாளும் லைப்ரரி. சாம் லான்டிங்கா 1998இல் தொடங்கியது. அதன்மேல் பீட் ஷின்னர்ஸ் 2000இல் பைகேமைக் கட்டினார். இதில் எழுதும் ஆட்டம் நொடிக்கு 60 முறை ஒரே சுற்றைச் சுற்றும்: விசை, மவுஸ் ஏதாவது வந்ததா என்று கேள், பொருள்களை நகர்த்து, திரையை வரை. ஒரு சுற்றுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிநொடி. யாரும் எதையும் தொடாவிட்டாலும் அது சுற்றிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் அடித்த காய் தானாக நிற்கும்வரை ஓடித்தான் ஆக வேண்டும்.

டிகின்டருக்கு அடியில் இருப்பது டிகே. ஜான் ஆஸ்டர்ஹவுட் பெர்க்லியில் இருந்தபோது உருவாக்கியது, 1991இலேயே வெளிவந்துவிட்டது. அதன் லூப் நம் தெரு மளிகைக் கடைக்காரர் மாதிரி. ஆள் வந்தால் எழுந்து பொருள் கொடுப்பார், வராவிட்டால் உட்கார்ந்திருப்பார். மெயின்லூப் என்ற ஒரு வரியை அழைத்தால் விண்டோவை மூடும்வரை அந்த வரியிலிருந்து திரும்பி வராது. க்யூட்டி, டபிள்யூஎக்ஸ், ஜிடிகே போன்ற மற்ற டூல்கிட்கள் எல்லாவற்றிலும் இதே கதைதான்.

இப்போது அந்த மாணவி கண்டது விளங்கும். மெயின்லூப் ஓடினால் அதற்கு அடுத்த வரியில் உள்ள ஆட்டத்தின் சுற்று தொடங்கவே தொடங்காது. ஆட்டத்தின் சுற்று ஓடினால் டிகேயிடம் பேச ஆள் இல்லை, அதனால் எழுத்துப் பெட்டி செத்துக் கிடக்கும். ஒரு விண்டோ ஐந்து நொடிக்கு எந்தச் செய்தியையும் எடுத்துப் பார்க்கவில்லை என்றால் விண்டோஸ் அதை வெளிறவைத்து, 'பதிலளிக்கவில்லை' என்று தலையில் எழுதிவிடும்.

இதில் குழப்பத்தைக் கூட்டும் விஷயம் ஒன்று உண்டு. விண்டோஸில் ஒரு த்ரெட்டுக்கு (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை ஓட்டம்) ஒரே செய்தி வரிசைதான். பைகேமின் லூப் அந்த வரிசையிலிருந்து செய்தியை எடுக்கும்போது டிகே விண்டோவுக்கு வந்ததையும் சேர்த்தே எடுத்து, உரிய விண்டோவிடம் தள்ளிவிடும். அதனால் டிகின்டர் பாதி உயிரோடு இருப்பது போலத் தெரியும். பொத்தான் சில நேரம் வேலை செய்யும். லினக்ஸில் விண்டோக்களைக் காட்டும் எக்ஸ்11இல் எஸ்டிஎல்லுக்கு ஒரு இணைப்பு, டிகேக்கு வேறொரு இணைப்பு. டிகேயின் இணைப்பை யாரும் படிக்காவிட்டால் அதில் வந்தது அங்கேயே கிடக்கும். "வீட்டு கம்ப்யூட்டர்ல ஓடிச்சு, இங்க ஓடல" என்று பிள்ளைகள் சொல்வது பொய்யில்லை. ஆனால் வீட்டில் ஓடியதை நம்பி மேலே கட்டக்கூடாது.

சரி, என்ன செய்யலாம்? பலரும் முதலில் எடுக்கும் வழி, ஆட்டத்தின் சுற்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றிலும் டிகேயின் அப்டேட்டை ஒருமுறை அழைப்பது. சின்ன நிரலுக்கு இது போதும், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 'இந்த போர்டை அழிக்கட்டுமா?' என்று ஒரு உரையாடல் பெட்டி வந்தால் அது தனக்குள் இன்னொரு லூப்பை ஓட்டும். பதில் சொல்லும்வரை காய்கள் நடுப்பலகையில் உறைந்து நிற்கும். எஸ்டிஎல் 2 விண்டோவின் தலைப்புப் பட்டையை விண்டோஸில் பிடித்து இழுத்தாலும் இதுவே நடக்கும்: நிகழ்வுகளைக் கேட்கும் வரி, மவுஸை விடும்வரை திரும்பி வராது.

இரண்டாவது வழி த்ரெட். ஆட்டத்துக்கு ஒன்று, பட்டியலுக்கு ஒன்று. கேட்கச் சுத்தமாக இருக்கிறது. ஆனால் மேக் கணினியில் விண்டோ சம்பந்தப்பட்ட எதையும் முதன்மை த்ரெட்டில்தான் செய்ய வேண்டும்; இரண்டுமே முதன்மை இடத்தைக் கேட்டால் எங்கே போவது? போதாததற்கு அங்கே ஒரு நிரலுக்கு 'அப்ளிகேஷன்' என்ற பொருள் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். எஸ்டிஎல் தனக்கென்று ஒரு வகை வைத்திருக்கிறது, டிகே தனக்கென்று ஒரு வகை வைத்திருக்கிறது. முந்திக்கொண்டவருடையது நிலைக்கும், பிந்தியவர் தடுமாறி நிரலோடு விழுவார். விண்டோஸிலும் லினக்ஸிலும் த்ரெட் வழி பல நேரம் ஓடும். ஓடினாலும், ஆட்டத்தின் த்ரெட்டிலிருந்து ஸ்கோர் பெட்டியின் எழுத்தை நேரடியாக மாற்றினால் என்றைக்கோ ஒருநாள் காரணம் தெரியாமல் நிற்கும். அந்த மாதிரிப் பிழையைத் தேடுவது பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடிய வேலை இல்லை.

மூன்றாவது, பழைய தந்திரம் ஒன்று. டிகின்டரில் ஒரு வெற்றுச் சட்டம் வைத்து, அதன் விண்டோ எண்ணை எஸ்டிஎல்_விண்டோஐடி என்ற சூழல் மாறியில் (நிரல் தொடங்கும்போது படித்துக்கொள்ளும் அமைப்பு) எழுதிவிட்டு, அதற்குப் பிறகு பைகேமைத் தொடங்குவது. எஸ்டிஎல் புதிதாக விண்டோ திறக்காமல் அந்தச் சட்டத்துக்குள்ளேயே வரைய ஆரம்பிக்கும். பார்க்க அழகாக இருக்கும், ஒரே விண்டோதான் தெரியும். ஆனால் அது எஸ்டிஎல் 1.2 காலத்து ஏற்பாடு. வரையும் இடம்தான் ஒன்றாகிறது. லூப் இரண்டு இரண்டாகவே இருக்கிறது. மேக்கில் டிகே தரும் எண்ணை எஸ்டிஎல்லுக்குக் கொடுத்துப் பயனில்லை. லினக்ஸில் எக்ஸ்11க்குப் பதிலாக வேலேண்ட் வந்த பிறகு, இன்னொரு நிரலின் விண்டோவை எண் சொல்லிப் பிடிக்கும் வழக்கமே அங்கே கிடையாது. இன்றைக்குப் புதிதாக எழுதுகிறவர் இதைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து.

இவ்வளவு தொல்லை எதற்கு, பட்டியலையும் பைகேமிலேயே வரைந்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஒமர் கோர்னட் 2014இல் வெளியிட்ட டியர் இம்குய் மாதிரி, ஆட்டத்துக்குள்ளேயே பொத்தானும் பட்டியலும் வரைந்துகொள்ளும் லைப்ரரிகள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறவருக்கு அது நல்ல வழி. நமக்கு அங்கே ஒரு தடை இருக்கிறது. அது தமிழ் எழுத்து.

'செல்வி' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியின் நினைவகத்தில் முதலில் ச, அப்புறம்தான் கொம்பு. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும், ச பின்னால். இந்த இடமாற்றத்தைச் செய்ய ஹார்ஃப்பஸ் போன்ற ஓர் எழுத்தொழுங்கு இயந்திரம் வேண்டும். அது இல்லாமல் எழுத்துருவிலிருந்து குறிகளை வரிசையாக எடுத்து ஒட்டினால், ச தனியாக நிற்கும்; கொம்பு அதற்குப் பின்னால் போய் ல்-ஐ ஒட்டிக்கொள்ளும். 'ஜோசப்' இன்னும் மோசம். ஜ-வுக்கு முன்னால் ஒரு துண்டும் பின்னால் ஒரு துண்டுமாகப் பிரிந்து நிற்க வேண்டிய ஓகாரக் குறி, முழுசாகப் பின்னால் போய் விழும். பைகேம் எழுத்து வரையப் பயன்படுத்தும் எஸ்டிஎல்_டிடிஎஃப் நெடுங்காலம் இப்படித்தான் வரைந்தது. பிந்தைய பதிப்புகளில் ஹார்ஃப்பஸைச் சேர்த்துக் கட்டும் வசதி வந்துவிட்டது. ஆனால் உங்கள் கணினியில் இருக்கும் பைகேம் அப்படிக் கட்டப்பட்டதா என்று 'செல்வி', 'ஜோசப்', 'கௌரி' மூன்றையும் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும். டியர் இம்குய்யிலும் இந்த இயந்திரம் இல்லை.

காட்டுவதே இப்படி என்றால், தட்டச்சு செய்ய ஒரு பெட்டியை நாமே எழுதுவதை யோசித்துப் பாருங்கள். கர்சர் எழுத்துக்கு நடுவில் போய் நிற்கக்கூடாது. பேக்ஸ்பேஸ் அடித்தால் எது அழிய வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும். நகலெடுத்து ஒட்ட வேண்டும், ஒலிபெயர்ப்பு விசைப்பலகையோடு பேச வேண்டும். டூல்கிட்காரர்கள் முப்பது வருஷமாக இந்த வேலையைச் செய்து வைத்திருக்கிறார்கள். அதை வாங்கிக்கொள்வதுதான் புத்தி. மன்றத்தில் ஆடுகிற பிள்ளை தன் பெயரைத் திரையில் உடைந்த எழுத்தில் பார்க்கக்கூடாது. எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

இந்தக் காரணத்துக்காகவே நாங்கள் பிறகு டிகின்டரை விட்டு க்யூட்டிக்கு மாறினோம். டிகே விண்டோஸில் தமிழைச் சரியாகக் காட்டும். ஆனால் எங்களிடம் இருக்கும் லினக்ஸ் கணினிகளில் 8.6 பதிப்பு எழுத்தொழுங்கு இல்லாமலே வரைகிறது. 1995இல் நார்வேயிலிருந்து வெளிவந்த க்யூட்டி இப்போது ஹார்ஃப்பஸைத் தன்னோடே வைத்திருக்கிறது, எல்லாத் தளத்திலும் தமிழ் ஒழுங்காக வருகிறது.

கடைசியில் நாங்கள் வந்து சேர்ந்த வழி எளிமையானது. லூப்பை முழுவதுமாக டூல்கிட்டிடம் கொடுத்துவிட்டோம். பைகேமுக்கு விண்டோவே கிடையாது. அதற்கு நினைவகத்தில் 600க்கு 600 புள்ளி அளவில் ஒரு பரப்பைக் கொடுத்து, 'இதில் வரை' என்று மட்டும் சொல்கிறோம். டூல்கிட்டின் டைமர் 16 மில்லிநொடிக்கு ஒருமுறை தட்டும்போது காய்களை நகர்த்தி, அந்தப் பரப்பில் வரைந்து, அதன் பைட்டுகளை எடுத்து ஒரு படமாக விண்டோவில் ஒட்டுகிறோம். டிகின்டரில் அந்த டைமருக்கு ஆஃப்டர் என்று பெயர், க்யூட்டியில் க்யூடைமர்.

எஸ்டிஎல் தனியாக விண்டோ திறக்காமல் இருக்க, பைகேமைத் தொடங்குவதற்கு முன்பே வீடியோ டிரைவரை 'டம்மி' என்று சூழல் மாறியில் வைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகும் டிஸ்ப்ளேயில் பெயருக்கு ஒரு மோடை அமைத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் காய்ப் படங்களை ஏற்றி கன்வர்ட் செய்யும் வரியில் பிழை வரும். சத்தத்துக்கு இதில் எதுவுமே தடையில்லை. காய் மோதும் 'டக்' ஓசை பைகேமின் மிக்சரில் வழக்கம்போல வந்துவிடும், அதற்கு விண்டோ தேவையில்லை.

படத்தை ஒட்டுமிடத்தில் மூன்று விஷயம் கடிக்கும். டிகின்டரில் உருவாக்கிய படத்தை ஒரு மாறியில் பிடித்து வைக்காவிட்டால் பைத்தான் அதைக் குப்பை என்று நினைத்து அள்ளிவிடும், பலகை இருந்த இடம் வெறுமையாகும். க்யூட்டியில் படத்தைத் தாங்கும் க்யூஇமேஜ் நாம் கொடுக்கும் பைட்டுகளை நகலெடுப்பதில்லை. அந்த பைட்டுகள் உயிரோடு இருக்கும்வரைதான் படம். அப்புறம் நிற வரிசை. எஸ்டிஎல் பெரும்பாலும் நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் வைத்திருக்கும். அதைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று படித்தால் இரண்டு நிறமும் இடம் மாறும். கேரத்தில் காய்களை மட்டும் பார்த்தால் இதை உடனே கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் ஒன்பது வெள்ளைக் காயும் ஒன்பது கறுப்புக் காயும் மாறாமல் அப்படியே தெரியும். ரெட்டைப் பார்த்தால் தெரியும், அது நீலமாக உட்கார்ந்திருக்கும்.

வேகம் போதுமா? கணக்குப் போடலாம். 600க்கு 600 புள்ளி, ஒரு புள்ளிக்கு 3 பைட் என்றால் ஒரு படத்துக்கு 10,80,000 பைட். நொடிக்கு 60 படம் என்றால் 6.48 கோடி பைட். இது ஒருமுறை நகலெடுக்க மட்டும். டிகின்டர் வழியில் பைகேமிலிருந்து பில்லோ என்ற பட லைப்ரரிக்கு, பில்லோவிலிருந்து டிகேக்கு, அங்கிருந்து திரைக்கு என்று பல நகல்கள். இன்றைய கணினிக்கு இது பெரிய சுமை இல்லை. ஆனால் அரசு கொடுத்த பழைய லேப்டாப்பில் விசிறி சத்தம் போட ஆரம்பித்துவிடும். நாங்கள் செய்த ஒரே சிக்கனம்: எந்தக் காயும் நகராதபோது வரைவதில்லை. கேரத்தில் அடிக்கிற நேரத்தைவிடக் குறிபார்த்து யோசிக்கிற நேரம்தான் அதிகம். ஓர் அடிக்குப் பிறகு காய்கள் நின்றுவிட்டால் டைமரையே நிறுத்திவிடுகிறோம், அடுத்து ஸ்ட்ரைக்கரைத் தொடும்போது மீண்டும் தொடங்குகிறோம். முழுத் திரையும் ஓயாமல் நகரும் ஆட்டத்துக்கு இந்த வசதி கிடைக்காது. அந்த மாதிரி ஆட்டம் என்றால் நான் ஒரே விண்டோ ஆசையை விட்டுவிட்டு, ஆட்டத்தையும் பட்டியலையும் இரண்டு தனிப் ப்ராசஸாக (தனித்தனி நிரலாக) ஓட்டி, நடுவில் ஒரு குழாய் வழியாக 'வெள்ளை விழுந்தது', 'ஃபைன்' என்று செய்தி அனுப்பச் சொல்வேன். ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும்.

லூப்பை டூல்கிட்டிடம் கொடுத்ததில் ஒரு விலையும் உண்டு. அதன் டைமர் சரியாக 16 மில்லிநொடியில் வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. சில நேரம் 31 ஆகும், யாராவது மெனுவைத் திறந்தால் இன்னும் கூடும். தட்டலுக்கு ஒருமுறை காயை நகர்த்து என்று எழுதினால், தட்டல் தாமதமாகும்போது காய் மெதுவாகும். பைகேமில் பழகியவர்கள் இந்த இடத்தில் அடுத்த சுற்றுவரை காத்திருக்கும் க்ளாக் டிக்கைப் போட்டு நேரத்தைச் சமன் செய்யப் பார்ப்பார்கள். கூடாது. அந்த வரி தூங்கும். அது தூங்கினால் டூல்கிட்டும் சேர்ந்து தூங்கும்.

கடந்த நேரத்தை அளந்து அதற்கேற்ற தூரம் நகர்த்தினால் போதாதா என்றால், கேரத்தில் போதாது. ஸ்ட்ரைக்கரின் விட்டம் அதிகபட்சம் 4.13 செ.மீ., காயின் விட்டம் சுமார் 3.1 செ.மீ. இரண்டின் ஆரத்தையும் கூட்டினால் 3.6 செ.மீ. சொச்சம், மையங்கள் அந்தத் தூரத்துக்குள் வந்தால் மோதல். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போகும் ஸ்ட்ரைக்கர் ஒரு தட்டலில் 5 செ.மீ. தாவும். நேருக்கு நேர் அடித்தால் மோதல் பிடிபட்டுவிடும், கொஞ்சம் உள்ளே புகுந்த நிலையில். ஆனால் காயின் ஓரத்தை மட்டும் உரசிப்போகும் மெல்லிய 'கட்' அடியில், ஸ்ட்ரைக்கர் ஒரு தட்டலில் காய்க்கு இந்தப் பக்கம் இருக்கும், அடுத்த தட்டலில் அந்தப் பக்கம் போயிருக்கும். நடுவில் உரசியது நிரலுக்குத் தெரியாது. மன்றத்தில் நன்றாக ஆடுகிற பையன் ஒருவன் இரண்டு நிமிஷம் ஆடிவிட்டு, "இதுல கட்டு எடுக்க மாட்டேங்குதுண்ணா" என்றான். அவன் விரலுக்குத் தெரிந்ததுதான் எங்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டிக் கொடுத்தது.

அதற்கு மருந்து, நகர்வை வரைதலிலிருந்து பிரிப்பது. டைமர் எப்போது வேண்டுமானாலும் வரட்டும். வந்ததும் கடந்த நேரத்தை ஒரு உண்டியலில் போடுகிறோம். அந்த உண்டியலிலிருந்து நொடியில் 240இல் ஒரு பங்காக எடுத்து எடுத்து, ஒவ்வொரு பங்குக்கும் ஒருமுறை காய்களை நகர்த்தி மோதல் பார்க்கிறோம். ஒரு பங்கில் ஸ்ட்ரைக்கர் போவது 1.25 செ.மீ. மட்டும், ஆட்டத்தில் வரும் 'கட்' அடிகள் இப்போது பிடிபடுகின்றன. மிச்சம் அடுத்த தட்டலுக்கு உண்டியலிலேயே இருக்கும். ஒருவேளை விண்டோ அரை நொடி தடைபட்டால் அந்த அரை நொடியையும் ஒரே மூச்சில் ஓட்டாமல், ஒரு தட்டலுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் கணக்கு முடிவதற்குள் அடுத்த தட்டல் வந்து, அதுவும் தாமதமாகி, நிரல் மூச்சுத் திணறும்.

மவுஸும் விசையும் இப்போது டூல்கிட்டிடமிருந்துதான் வரும். பைகேமிடம் எந்த விசை அழுத்தியிருக்கிறது என்று கேட்டால் எதுவும் இல்லை என்றே சொல்லும், அதற்கு விண்டோ இல்லையே. இதில் நமக்கு ஒரு லாபமும் கிடைக்கிறது. பெயர்ப் பெட்டியில் தட்டும் எழுத்து பெயருக்குப் போகிறது, பலகைமேல் க்ளிக் செய்தால் ஸ்ட்ரைக்கருக்குப் போகிறது. யாருக்கு எது என்ற பஞ்சாயத்தை டூல்கிட்டே பார்த்துக்கொள்கிறது. விசையை அழுத்திப் பிடித்தால் டூல்கிட் அதைத் திரும்பத் திரும்ப அனுப்பும், பைகேம் தானாக அப்படிச் செய்யாது. அந்த வித்தியாசத்தை மட்டும் கவனித்து வடிகட்டிவிட வேண்டும்.

மூடும்போதும் ஒரு வரிசை இருக்கிறது. பெருக்கல் குறியை அழுத்தியதும் விண்டோ அழிந்துவிட, ஏற்கெனவே போட்டு வைத்த டைமர் மட்டும் இன்னொரு முறை வந்து, இல்லாத பலகையில் வரையப் பார்த்து நீளமான பிழைச் செய்தியைக் கக்கும். மூடும் நிகழ்வைப் பிடித்து முதலில் டைமரை ரத்து செய்கிறோம். அப்புறம் ஸ்கோரைக் கோப்பில் எழுதுகிறோம், அப்புறம் விண்டோவை அழிக்கிறோம். பைகேமின் க்விட் கடைசியாக வருகிறது, சத்தம் அதன் கையில்தான் இருக்கிறது. கடைசிக் காய் குழியில் விழுந்த ஓசை பாதியில் அறுந்துபோகாமல் இருக்க அதற்கு முன் கொஞ்சம் இடைவெளி விட்டிருக்கிறாள் அந்த மாணவி.